ஊவாத் தேயிலையும் டோக்கியோவின் பதின்மூன்றாவது பாட்டும்

பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி வரும் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை என்றால் அந்தப் பக்கம் வெயில் என்று இலங்கை மலையகப் புகையிரதத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். ஆவணியில் நான் போனபோது நானுஓயாவிலிருந்து தூறிக்கொண்டே வந்த மழை, ஊவாப் பக்கம் தலைகாட்டியதும் உண்மையாகவே நின்றுபோனது. அப்புத்தளையில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று பையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று. அந்தக் காற்றுக்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பு உண்டு.

தம்பதென்ன வீதியில் நான் தங்கிய வீட்டின் உரிமையாளர், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். மூத்த மகள் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். இளைய மகன் எல்ல நகரத்தின் விடுதிகளில் வார இறுதியில் டீஜே. ஊருக்கு வருபவர்களின் பையில் அக்கா தம்பிக்காக அனுப்புவது சாக்லேட் அல்ல, அங்குள்ள பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் வாங்கிய, டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் இறுவட்டுகள்.

அவற்றில் ஒன்றை மகன் எனக்கு எடுத்துக் காட்டினார். ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இசையமைக்கும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் 2014 இல் வெளியிட்ட 'சைரோ' என்ற தொகுப்பின் ஜப்பான் பதிப்பு. உறையின் இடது விளிம்பைச் சுற்றி, மூன்று விரல் அகலத்தில், செங்குத்தாக ஜப்பானிய எழுத்துகள் அச்சிட்ட ஒரு காகிதப் பட்டை இருந்தது. விலை, பட்டியல் எண், எந்தப் பாட்டு வேறெங்கும் கிடைக்காதது என்ற அறிவிப்பு எல்லாம் அந்தப் பட்டையில்தான் இருக்குமாம். அது கிழிந்தால் சேகரிப்பவர்களிடம் இறுவட்டின் மதிப்பே குறைந்துவிடும் என்பதால், இவர் அதைக் கழற்றாமல் பிளாஸ்டிக் உறையோடு வைத்திருக்கிறார். இறுவட்டைப் போடும் பழைய டீவீடீ பிளேயரின் தட்டு மட்டும் ஓங்கித் தட்டினால்தான் வெளியே வரும்.

"இதுல பதிமூணாவது பாட்டு இருக்கு அண்ணே. லண்டன்ல வாங்குனா பன்னிரண்டுதான்" என்றார்.

உலகத்துக்குப் பன்னிரண்டு, ஜப்பானுக்கு மட்டும் பதின்மூன்று. வெறும் அன்பளிப்பாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் அடியில் இருப்பது விலைக்கணக்கு. ஜப்பானின் ஏகபோகத் தடைச் சட்டத்தில் 1953 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், புத்தகம், செய்தித்தாள், இசைத்தட்டு போன்றவற்றின் சில்லறை விலையை வெளியீட்டாளரே நிர்ணயித்துக்கொள்ள இடமளித்தது. எனவே அங்கு அச்சிடப்பட்ட புதிய இறுவட்டைக் கடைக்காரர் நினைத்தாலும் இஷ்டத்துக்கு விலை குறைத்து விற்க முடியாது. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அச்சாகி இறக்குமதியாகும் அதே இறுவட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. டோக்கியோவின் பெரிய கடைகளில் அது உள்ளூர்ப் பதிப்பின் பக்கத்திலேயே, அதைவிட மலிவாக அடுக்கப்பட்டிருக்கும். மலிவானதை விட்டு விலை கூடியதை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? அதற்கு விடையாகத்தான் ஜப்பானிய நிறுவனங்கள் கலைஞர்களிடம் ஒரு பாட்டை மேலதிகமாகக் கேட்டுப் பெற்றன. ஓடெக்கர் இரட்டையரின் 2001 ஆம் ஆண்டுத் தொகுப்பான 'கன்ஃபீல்ட்' உட்பட, இந்த வகை இசையில் பெயர்பெற்ற பல தொகுப்புகளின் ஜப்பான் பதிப்பில் ஒரு பாட்டு கூடுதலாக இருப்பது இப்படித்தான். சில நேரம் முழுத் தொகுப்பே ஓரிரு நாடுகளோடு நின்றுவிடும்: ஏஃபெக்ஸ் ட்வினின் '51/13' என்ற தனிப்பாடல் தொகுப்பு 1996 இல் அவுஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் மட்டுமே வெளியானது. டோக்கியோ வாடிக்கையாளரைத் தக்கவைக்கச் செய்த ஏற்பாட்டுக்கு, கடைசியில் இங்கிலாந்தின் இரசிகர்தான் கப்பல் கூலியும் சேர்த்துப் பணம் கட்டினார்.

எனக்கு இதில் பிடிக்காதது பணம்கூட அல்ல. 'சைரோ'வின் பன்னிரண்டாவது உருப்படி, பறவைகளின் ஒலி பின்னால் கேட்க, பியானோவில் மெதுவாக வாசிக்கப்படுவது; மின் தாளங்களின் நெரிசலுக்குப் பிறகு கலைஞர் எங்கே நிறுத்த நினைத்தார் என்பது அதைக் கேட்டால் விளங்கும். ஜப்பான் பதிப்பில் அது அடங்கி முடிந்த கையோடு பதின்மூன்றாவது பாட்டின் தாளம் உள்ளே புகுந்துவிடுகிறது. கூடுதல் விலை கொடுத்தவருக்குப் பாட்டு ஒன்று மிச்சம், முடிவு நட்டம். மகனிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தானாக நிற்கும் பாட்டுக்கும் தான் நிறுத்துகிற பாட்டுக்கும் வித்தியாசமில்லை என்பது அவர் கட்சி. டீஜேக்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

தந்தை அதுவரை பேசாமல் இருந்தார். தேயிலைக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, "இதக் குடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். ஆடி முதல் புரட்டாதி வரை, கச்சான் காய்ந்து அடிக்கும் காலத்தில், கொழுந்து தன் ஈரத்தை இழந்து, வேறு எந்தக் காலத்திலும் இல்லாத, மூக்கைத் தொடும் ஒரு குளிர்ந்த வாசத்தைப் பெறுகிறது. ஊவாத் தேயிலை என்று உலகம் கொண்டாடுவது இந்தக் காலத்துத் தேயிலையைத்தான்; அதைத் தேடி வாங்குவோரில் ஜப்பானியரும் ஜெர்மனியரும் முன்னால் நிற்பவர்கள். அரித்துத் தரம் பிரித்து மூட்டை கட்டியதும், 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்கு அது இறங்கிப் போய்விடும். எந்த நாட்டுக்காரருக்கு எந்த வாசம் பிடிக்கும் என்று தெரிந்து, கொழுந்தை வாட்டும் நேரத்தையும் அதைச் சுருட்டும் உருளையின் அழுத்தத்தையும் மாற்றியே தாம் வேலை செய்ததாக அவர் சொன்னார். "எங்க லயத்து வீட்டுல குடிச்சது டஸ்ட், கடைசித் தூள். இந்த மாதிரிக் கோப்பைய ருசி பாக்குற மேசையிலதான் கண்டோம்."

ஒரு நாட்டுக்கென்று ஒதுக்கி வைப்பது அந்த வீட்டில் யாருக்கும் புதிய செய்தியாக இருக்கவில்லை. டெக்னோ பிறந்த கதையும் அவர்களுக்குப் பழக்கமானதுதான். வாகனத் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த டெட்ராய்ட் நகரின் புறத்தே பெல்வில் பாடசாலையில் ஒன்றாகப் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்களின் இசைக்கு அந்தப் பெயரைப் பரவலாக்கிய தொகுப்பு, 1988 இல் வெளியானது இங்கிலாந்தில். சொந்த நகரம் அவர்களுக்காகப் பெருவிழா எடுக்க 2000 ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. டோக்கியோவின் கென் இஷியும் 1993 இல் தம் இசையை முதலில் பெல்ஜியத்து நிறுவனத்திடமே கொடுத்தார். அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. கேட்கிற காது எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் கலைஞர் சோறு சாப்பிட வேண்டும். வேலியைக் கட்டி நுழைவுச்சீட்டு விற்கும் வியாபாரம் அதிலிருந்து வேறானது. இணைய இசைச் சேவையான ஸ்பொட்டிஃபை 2021 இல் இலங்கைக்கு வந்த பிறகும், இந்த நாட்டுக்குத் திறக்கப்படாததால் மகனின் கைப்பேசியில் சில பாட்டுகள் சாம்பல் நிறத்தில், தொட்டாலும் அசையாமல் கிடக்கின்றன. வேலியின் கம்பி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மகனும் ஒரு பாட்டுச் செய்திருக்கிறார். தோட்டத்தில் முன்பு காலையில் வேலைக்கு அழைக்க அடித்த தப்பு என்ற பறையின் தாளத்தைக் கைப்பேசியில் பதிந்து, அதன் கீழே நிமிடத்துக்கு 130 அடி விழும் மின் தாளத்தை ஓடவிட்டு, வாட்டும் தட்டுகளின் விசிறிச் சத்தத்தை நீளமாக இழுத்திருக்கிறார். ஜப்பானில் மட்டும் நூறு பிரதி போட்டால் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவார்கள் என்பது அக்காவின் யோசனை. காகிதப் பட்டையின் மாதிரியைக்கூட வரைந்து அனுப்பியிருந்தார். தம்பியோ அதைப் பென்டிரைவில் ஏற்றி, அப்புத்தளை ஆட்டோத் தரிப்பிடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார். தப்பு அடித்துக் கொடுத்த பெரியவருக்குத்தான் முதல் பிரதி. தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்கு இது ஓடாது, அடி மெதுவாக விழுகிறது, வேகத்தைக் கூட்டிக்கொண்டு வா என்று அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.