உப்பில்லாத ஆறு நாட்கள்

சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஏதோ ஒரு முகாமுக்குப் போய் வந்திருந்தார். "மாத்திரை எல்லாம் எத்தனை நாளைக்கு? ஒரு வாரம் உப்பை விட்டுப் பாரப்பா, மனசு தானாக அடங்கும்."

எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதும் இறங்குவதுமான நோய், என்று சொல்லி அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரவில் லித்தியம், மனநிலையைச் சமமாக வைக்கிற மாத்திரை. அதை நிறுத்தவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. உப்பை மட்டும் விட்டேன். மதுரையில் கத்திரி வெயில் வேறு. சட்டை பிழியலாம் போல வேர்வை.

நான்காம் நாள் டீ டம்ளர் கையில் ஆடியது. ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. ஆறாம் நாள் குடித்தவனைப் போல நடந்தேன். அக்காதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ரத்தத்தில் லித்தியம் 1.9. எனக்கு இருக்க வேண்டியது 0.6க்கும் 1.0க்கும் நடுவில். உப்பிலுள்ள சோடியம் குறைந்தால் சிறுநீரகம் மிச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். பிடிக்கிற பிடியில் லித்தியமும் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும். எட்டு வருடமாக விழுங்குகிறேன், இதை டிரிப்ஸ் ஏறும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டாலும் அளவு ஏறும் என்பதும் அன்றைக்குக் கிடைத்த பாடம்தான்.

அதற்காக 'மாத்திரை போதும், மற்றதெல்லாம் சும்மா' என்கிற கட்சியில் நான் சேரவில்லை. என் தூக்கத்தை எந்த மாத்திரையும் காவல் காக்காது. ஏற்றம் வருவதற்கு முன் எனக்கு முதலில் போவது தூக்கம். மூன்று மணி நேரம் படுத்துவிட்டு, குளித்துவிட்டு வந்தவனைப் போல எழுவேன். களைப்பே தெரியாது. அந்தச் சுறுசுறுப்பைக் கண்டால் இப்போது எனக்குப் பயம். பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும்; இரவு பஸ் கிடையாது. திருநெல்வேலியில் மருமகன் கல்யாணத்துக்கு முதல் நாள் பகல் ரயிலிலேயே போய், வரவேற்பில் தலை காட்டாமல் தூங்கினேன். மாமாவுக்கு இன்னும் கோபம். இருக்கட்டும்.

அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். தூங்கிய மணி, மனநிலைக்குக் கழித்தல் மூன்றிலிருந்து கூட்டல் மூன்று வரை ஓர் எண். எண்ணை நான் போடுவேன். பக்கத்தில் அவள் எழுதுவாள். 'ஒரே நாளில் பதினொரு செடி வாங்கினான்' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். நான் போட்டிருந்த எண் பூஜ்யம். மறுநாளே டாக்டரிடம் போனோம்.

இந்தச் சித்திரைத் திருவிழாவில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவு ஊரே விழித்திருந்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன். காலையில் அழகர் ஆற்றில் இறங்கியதை டிவியில் பார்த்தேன். நோட்டில் ஏழு மணி நேரம், பூஜ்யம். ஒன்பது மணிக்கு அக்கா வேர்த்து விறுவிறுத்து வந்து, பந்தலில் வாங்கிய நீர்மோரைத் தூக்குவாளியோடு என் முன்னால் வைத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.