சிடி டிரைவ் இல்லாத பழைய லேப்டாப்புக்குள் 5.8 ஜிபி போன கதை

என் பழைய லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. யூஎஸ்பி 1.1 போர்ட் ஒன்று, 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் போர்ட் ஒன்று, அவ்வளவுதான். லினக்ஸ் நன்றாகவே ஓடுகிறது. புது லேப்டாப்பில் இருக்கும், மென்பொருள் தொகுப்புகள் அடங்கிய 5.8 ஜிபி ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு முழு டிஸ்க்கின் நகலை ஒரே கோப்பாக வைத்திருப்பது) பழையதற்குள் ஏற்ற வேண்டும்.

முதலில் பென் டிரைவ். கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் காப்பி நின்றுவிட்டது. பென் டிரைவில் இருந்த ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராது. சரி என்று ஸ்பிளிட் கட்டளையால் ஆறு துண்டாக வெட்டினேன். யூஎஸ்பி 1.1 நொடிக்கு 1 எம்பி கூடத் தருவதில்லை. ஒரு துண்டு இறங்கவே இருபது நிமிடம். மூன்றாவது துண்டின் செக்சம் (கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் குறியீடு) ஒத்துப்போகவில்லை. பென் டிரைவின் விளக்கு மினுக்கி முடியும் முன்பே எடுத்திருக்கிறேன். எழுத வேண்டியதில் கொஞ்சம் நினைவகத்திலேயே தங்கிவிட்டது. செக்சம் பார்க்காமல் ஒட்டியிருந்தால், பாதி நிறுவலில் வந்து நிற்கும் பிழைக்குக் காரணமே தெரிந்திருக்காது.

அப்புறம் நெட்வொர்க் கேபிளுக்கு மாறினேன். நடுவில் ரவுட்டர் எதுவும் இல்லை. புது லேப்டாப்புக்கு ஐபி முகவரி 10.0.0.1, பழையதற்கு 10.0.0.2. இரு கணினிகளை நேரடியாக இணைப்பதற்கான, உள்கம்பிகள் மாறிய கிராஸ் கேபிளும் தேவைப்படவில்லை, புது லேப்டாப்பின் போர்ட் அந்த மாற்றத்தைத் தானே செய்துகொள்கிறது. பைத்தானின் சின்ன வெப் சர்வரை ஓடவிட்டு, பழைய லேப்டாப்பில் டபிள்யூகெட் என்ற பதிவிறக்கக் கட்டளையால் இழுத்தேன். வேகம் அருமை. ஆனால் கேபிள் ஒருமுறை அசைந்து இணைப்பு விட்டுப்போனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அந்த சர்வரில் இல்லை.

அதற்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல்தான் சரி. எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் வழியாக அனுப்பியபோது நொடிக்கு 3 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை. எந்த நிரல் பிராசசரை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் பழைய பிராசசர் முழுக்க முழுக்க மறைகுறியாக்கத்தைப் பிரிப்பதிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டே கணினிகள், நடுவில் ஒரே கம்பி. ரகசியம் காக்க இங்கே என்ன இருக்கிறது? எஸ்எஸ்எச்சை விட்டுவிட்டு ஆர்சிங்க் டீமனை (பின்னணியில் ஓடும் அதன் சர்வரை) நேரடியாக ஓடவிட்டேன். 9 எம்பி! பதினோரு நிமிடத்தில் முழுக் கோப்பும் வந்து சேர்ந்தது. செக்சத்தின் 64 எழுத்தும் இரு திரையிலும் ஒன்றுபோல் இருந்தன. பார்க்கவே அத்தனை சந்தோஷம்.

ஐஎஸ்ஓவை டிவிடியில் எழுத வேண்டியதே இல்லை. அதை லூப் மவுண்ட் செய்து (கோப்பையே ஒரு டிஸ்க் போலத் திறந்து), அந்தக் கோப்புறையைத் தொகுப்பு மூலமாகக் கொடுத்துவிட்டேன். இப்போது கம்பைலர் நிறுவப்பட்டுக்கொண்டிருக்கிறது.