மனைவி பேரில் விடுதி, கணவர் மேசையில் கோப்பு

"அனுமதி எடுத்துத்தானே பிஸ்னஸ் செய்யிறன், பிறகென்ன?" இலங்கையின் அரச கந்தோர்களில் அடிக்கடி காதில் விழும் நியாயம் இது. பாதிதான் சரி. வெளித்தொழிலுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும் என்பது அரச ஊழியருக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையின் விதி. ஆனால் அந்தக் கடிதம் தொழில் நடத்த மட்டுந்தான். அதே தொழிலைத் தொடும் கோப்பில் கையெழுத்து வைக்க அது உரிமை தராது.

திருகோணமலைக் கடற்கரையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்தை எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலா சீசன். கந்தோர்கள் பயிற்சிப் பட்டறை வைக்கும். மண்டபம், அறை, சாப்பாடு எல்லாம் ஒரே பெறுகையில், அதாவது அரசின் ஒரே கொள்வனவில் போகும். அதைப் பார்க்கும் உத்தியோகத்தரின் மனைவிக்கு அங்கேயே விடுதி. மூன்று விலைமனு வேண்டுமென்றால் மூன்றும் வரும், இரண்டு துணைக்கு வாங்கியவை. கணக்காய்வுக்கு வருபவர் பெரிதாகத் தோண்டத் தேவையில்லை. மூன்று கடிதத்திலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். தோற்ற இரண்டும் சில நூறு ரூபாய்தான் கூட. பற்றுச்சீட்டிலுள்ள தொலைபேசி இலக்கம் உத்தியோகத்தரின் சுயவிவரக் கோவையிலும் கிடக்கும். விலை உண்மையிலேயே மலிவென்றாலும் பிரயோசனமில்லை. கேள்வி விலையைப் பற்றியது அல்ல, தெரிவு செய்தது யார் என்பது.

பேரை மாற்றி எழுதித் தப்பலாம் என்ற நம்பிக்கைதான் இதில் பெரிய பொறி. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் கொடுக்கும் சொத்து, பொறுப்பு வெளிப்படுத்தலில் வாழ்க்கைத் துணையின் சொத்தும் வரும். நலன் முரணையே, அதாவது சொந்த நலன் கடமையோடு மோதுவதையே, குற்றமாக்கியதும் அதே சட்டம்.

விலகுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. விலைமனு திறக்க முன்னரே மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்: எந்த வியாபாரம், யார் பேரில், உங்களுக்கு என்ன உறவு, எந்தக் கோப்பு. கடிதத்தின் பிரதியைக் கோப்பிலேயே போடுவியுங்கள். வாயால் சொன்னது அடுத்த இடமாற்றத்தோடு காற்றில் போகும். மதிப்பீட்டுக் குழுவில் இருந்தால் அந்த விடயம் வரும்போது எழுந்து வெளியே போங்கள். போனது கூட்டக் குறிப்பிலும் பதியப்பட வேண்டும். கோப்பை உங்களுக்குக் கீழுள்ளவரிடம் தள்ளிவிடுவது விலகல் ஆகாது. அவருடைய லீவுக்கும் சம்பள ஏற்றத்துக்கும் சிபாரிசு எழுதுவது நீங்கள்தானே! மேலே அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேறு கிளைக்கு.

அனுமதி கேட்கும் இடத்திலும் இங்கே குழப்பம் உண்டு. மாகாண சேவையில் இருப்பவரும் மத்திய அமைச்சின்கீழ் இருப்பவரும் ஒரே கந்தோர் வளவுக்குள் வேலை செய்வார்கள், அனுமதி தரும் அதிகாரி வேறு வேறு. யார் தரலாம் என்பதை நியமனக் கடிதத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, தாபனக் கிளையூடாக அனுப்புங்கள்.

இன்னுமொன்று: இடம் மாறினால், பதவி உயர்ந்தால் பழைய கடிதத்தை நம்பி இருக்க வேண்டாம். காணிக் கிளைக்குப் போனவர், தன் விடுதியின் பக்கத்து வளவுக்காரனின் காணிப் பேமிற் (அனுமதிப்பத்திர) விண்ணப்பம் மேசைக்கு வரும்வரை காத்திருக்காமல், பொறுப்பேற்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிடலாம்.