ஸ்டோர்ஸ் கவுன்டர்ல நின்ன அந்த அரை மணி நேரம்

2025 செப்டம்பர்ல இங்கிலாந்துல டெர்பில ஒரு பட்டறைல அப்ரென்டிஸா, அதாவது வேலை பாத்துட்டே தொழில் கத்துக்கறவனா சேர்ந்த மூணாவது நாள், சூப்பர்வைசர் கூப்பிட்டு ஸ்டோர்ஸ்ல போயி ஒரு லாங் வெயிட் வாங்கிட்டு வான்னு சொன்னாரு. ஏதோ நீளமான எடைக்கட்டி போலன்னு நானும் போயி கேட்டேன், கவுன்டர்ல இருந்தவரு சரி நில்லுன்னாரு, நின்னேன். அரை மணி நேரம் கழிச்சு அவரே எட்டிப் பார்த்து, என்னப்பா நீளமா காத்திருந்தது போதுமான்னு கேட்டப்பதான் புரிஞ்சுது, இங்கிலீஷ்ல எடைக்கும் காத்திருக்கறதுக்கும் ஒரே சத்தம். திரும்பி வந்தா ஷாப் ஃப்ளோர்ல எல்லாரும் சிரிக்கறாங்க. இங்க புதுசா வர்ற எல்லாரையும் இப்படித்தான் அனுப்புவாங்களாம், இடது கைக்காரங்க ஸ்க்ரூடிரைவர், கட்டம் போட்ட பெயிண்ட்னு பெரிய லிஸ்டே இருக்கு, நாங்களும் போயி நின்னவங்கதான்னு தோள்ல தட்டினாங்க. எனக்கு 34 வயசு. கோயமுத்தூர் கணபதில பதினொரு வருஷம் லேத்து ஓட்டுனவன். அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு எறங்கல.

எப்படி இங்க வந்தேன்னு சுருக்கமா சொல்லிடறேன். மனைவி நர்ஸ், அவங்க வேலைல 2021-ல வந்தோம். மூணு வருஷத்துக்கு மேல இங்கயே இருந்துட்டா அரசாங்க செலவுலயே அப்ரென்டிஸ் சேரலாம், வயசு வரம்பு கெடையாது. 2025-ல நான் சேர்ந்தப்ப முதல் வருஷம் மணிக்கு 7.55 பவுண்டு, 21 வயசான மத்தவங்களுக்கு குறைஞ்சபட்சக் கூலியே 12.21. வாரத்துல நாலு நாள் பட்டறை, ஒரு நாள் காலேஜ். என் பேட்ச்ல பாதிப் பேரு பதினேழு பதினெட்டு வயசுப் பசங்க.

இந்த ஊர்ல பார்க்கறவங்கெல்லாம் "ஆல்ரைட்?"னு கேப்பாங்க. நின்னு பதில் சொல்லலாம்னு வாய் தெறக்கறதுக்குள்ள ஆளு பத்தடி தாண்டிப் போயிருப்பாங்க. நம்மூர்ல "சாப்டாச்சுங்களா"ன்னு கேட்டுட்டு பதிலுக்கு நிப்பாங்கல்ல, அந்த நிக்கறது இங்க இல்ல. நாலு வருஷத்துல அதுக்குப் பழகிட்டேன், நானும் ஆல்ரைட்னு சொல்லிட்டு நடக்கறேன், பெருசா ஏக்கம் ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.

டிசம்பர்ல முதல் ரிவ்யூ வந்துச்சு. பன்னெண்டு வாரத்துக்கு ஒருக்கா காலேஜ்ல இருந்து கோச் வரணும், அப்ரென்டிஸ், கம்பெனி, கோச் மூணு பேரும் உக்காந்து பேசணும், அது விதி. பாடம், மெஷின் எல்லாம் பேசி முடிச்சதும் அந்தம்மா சூப்பர்வைசரப் பார்த்து, நீங்க கொஞ்சம் வெளிய இருங்கன்னு சொன்னாங்க. அவரும் ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுப் போனாரு. கதவைச் சாத்திட்டு என்னைக் கேட்டாங்க, "இங்க உனக்குப் பாதுகாப்பா இருக்கா? யாராவது உன்ன மரியாதைக் குறைவா நடத்தறாங்களா?"

கேட்டுட்டுக் காத்திருந்தாங்க.

மொதலாளிய வெளிய அனுப்பிட்டு வேலைக்காரனக் கேக்கறதுங்கறத என் வாழ்க்கைல அன்னிக்குத்தான் பார்த்தேன். எங்கப்பா ஃபிட்டர். அவரு தொழில் பழகின காலத்துல மேஸ்திரி ஸ்டீல் ஸ்கேல்லயே முட்டில போடுவாராம், அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு அதையும் பெருமையாத்தான் சொல்லுவாரு. எனக்கு எல்லாம் நல்லா இருக்குங்க மேடம்னுதான் வாயில வந்துச்சு. ஆனா எங்க பட்டறைல இருக்கற ஒரு பதினேழு வயசுப் பையன் ஞாபகம் வந்துட்டான்.

அவனுக்கு ஒரு காது கேக்காது. மெஷின் ஓடறப்ப பின்னாடி நின்னு கூப்பிட்டுட்டு, அவன் திரும்பலன்னா ரெண்டு பேரு சிரிப்பாங்க. ஒரு நாள் சக் (ஜாப், அதாவது கடையற துண்டப் புடிச்சுச் சுத்தற பாகம்) சுத்திட்டு இருக்கறப்பவே பின்னால இருந்து தோளப் புடிச்சு உலுக்கினாங்க, பையன் கை துள்ளிப் போயி ஜாப் கிட்ட நின்னுச்சு. லேத்து ஓட்டுன யாருக்கும் தெரியும், சட்டைக் கை மாட்டுனாலே போதும். நான் பார்த்துட்டு சும்மா இருந்தேன். புதுசா வந்தவன், வெளிநாட்டுக்காரன், நமக்கெதுக்குன்னு.

அன்னிக்கு சொன்னேன், எல்லாத்தையும். எழுதிட்டாங்க, பேட்ஜ் அட்டைக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும் பாரு, அதுதான் காலேஜ்ல சேஃப்கார்டிங், அதாவது மாணவர் பாதுகாப்பு பாக்கறவங்க, இனி நேரா அவங்களயே கூப்பிடுன்னாங்க. அந்த அட்டைய மூணு மாசமா கழுத்துலதான் மாட்டிட்டு இருந்தேன்! அடுத்த வாரமே அவங்க வந்து பையன்கிட்டயும் அவங்கம்மாகிட்டயும் பேசினாங்க. 2010 சமத்துவச் சட்டப்படி அவனுக்கு வேணுங்கற நியாயமான மாத்தத்த கம்பெனி செஞ்சே ஆகணும், செய்யலாமா வேண்டாமாங்கற பேச்சே இல்ல. அவன் மெஷின் மேல ஒரு லைட் வந்துச்சு, கூப்பிடணும்னா சுவிட்ச போடணும், முகத்தப் பார்த்துத்தான் பேசணும். சிரிச்ச ரெண்டு பேருல ஒருத்தர் இன்னும் என்கிட்ட பேசறதில்ல, பரவால்ல.

மச்சினி லெஸ்டர்ல எம்எஸ்சி படிக்கறா. 2025 ஆகஸ்ட்ல இருந்து இங்கிலாந்துல யூனிவர்சிட்டிங்க எல்லாம் தொந்தரவு, பாலியல் அத்துமீறல் பத்தி மாணவர்களுக்குப் பயிற்சி குடுத்தாகணும், புகார் எங்க சொல்றதுன்னு ஒரே எடத்துல எழுதி வெச்சாகணும். நல்ல விஷயம். ஆனா அவ ஃப்ரெண்டு ஒருத்தி கடைல ரெண்டு மாசமா சம்பளம் இல்லாம வேலை பாக்கறா, விசால வாரத்துக்கு அனுமதிச்ச 20 மணி நேரமும் தாண்டிருச்சு, சொன்னா விசா போயிடும்னு வாயத் தெறக்கல. அந்தப் பொண்ணு பயமில்லாம வந்து சொல்ற மாதிரி ஒரு வழி இல்லாத வரைக்கும் சுவத்துல எத்தன போஸ்டர் ஒட்டுனாலும் எனக்கு மனசு ஆறாது.

நம்மூர்லயும் சட்டம் இல்லாம இல்ல. 1996-ல சிதம்பரத்துல ராகிங்ல மெடிக்கல் காலேஜ் மாணவன் நாவரசு கொலையானதுக்கப்பறம் 1997-லயே ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. ஆனா அது காலேஜுக்கு. பட்டறைல பதினஞ்சு வயசுல வந்து நிக்கற பையனுக்கு யாரு வந்தா?

கணபதில எங்க பட்டறைக்கும் அப்படி ஒரு பையன் வந்தான். வந்த வாரமே, பக்கத்துப் பட்டறைல போயி ஜீரோ எம்எம் ட்ரில் பிட் வாங்கிட்டு வாடான்னு அனுப்பினோம். அனுப்பினோம் என்ன, நான்தான் அனுப்பினேன். அடுத்த பட்டறைக்காரரு சிரிப்ப அடக்கிட்டு, எங்ககிட்ட இல்ல அங்க கேளுன்னு அனுப்ப, அவரு இன்னொரு எடத்துக்கு அனுப்ப, பையன் வெறுங்கையோட வந்து நின்னப்ப டீ க்ளாஸக் கீழ வெச்சுட்டு சிரிச்சோம். ரெண்டு மாசத்துல நின்னுட்டான். ஏன் வரலன்னு யாரும் கேக்கல.

ஸ்டோர்ஸ் கவுன்டர்ல நின்ன அன்னில இருந்தே அவன் மொகம் வந்துட்டேதான் இருந்துச்சு. ரிவ்யூ முடிஞ்ச வாரம் பழைய மொதலாளி அண்ணனுக்குப் போன் போட்டேன், துடியலூர் பக்கம் ஆட்டோ ஓட்டறான்னு நம்பர் வாங்கிக் குடுத்தாரு. இங்க டீ பிரேக் பத்தரை மணி, அங்க சாயங்காலம் நாலு. வெளிய பனி, கார் பார்க்ல நின்னு கூப்பிட்டேன். பேர் சொன்னதும் அடையாளம் கண்டுகிட்டான், ரெண்டு கொழந்தைங்கன்னான், நல்லா இருக்கீங்களாண்ணான்னான். அந்த ட்ரில் பிட் விஷயம், நான் பண்ணது தப்புடான்னு சொன்னேன். ஏதோ பழைய கதைன்னு சிரிச்சுருவான்னு நெனச்சேன்.

கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அப்பறம் சொன்னான், "அன்னிக்கு மழைங்ணா. ஏழு பட்டறை ஏறி எறங்குனேன்."