சார்வரி வருஷத்துல எங்க வீட்டு விசேஷங்கள்

ஏப்ரல் 14, 2020, செவ்வாய்

இன்னைக்கு சார்வரி வருஷம் பொறந்துருச்சு. எங்க அப்பா பொறந்தது 1960, அதுவும் சார்வரிதான், அறுபது வருஷப் பேரும் ஒரு சுத்து முடிஞ்சு அவரு பொறந்த வருஷமே திரும்ப வந்து நிக்குது, அறுபதாம் கல்யாணம்னு ஒண்ணு வைக்கிறதே இதுக்குத்தான. பொறந்தது வைகாசி விசாகம், அதனால பேரும் முருகன் பேரு. திருக்கடையூர்ல வச்சுச் செய்யலாம்னு தை மாசமே பேசி முடிச்சிருந்தோம், மார்க்கண்டேயனுக்காக சிவன் எமனையே எத்தி விட்ட ஊரு, அங்க போயி செஞ்சா ஆயுசு கெட்டின்னு அப்பத்தா சொல்லிக்கிட்டே இருக்கும். இப்ப கொரோனாவால கோயிலெல்லாம் பூட்டிக் கெடக்கு.

காலைல பத்து மணிக்கு பிரதமர் டிவில பேசுனாரு, ஊரடங்கு மே 3 வரைக்கும்னாரு. அம்மா அடுப்படில வேப்பம்பூ வறுத்துக்கிட்டே கேட்டுச்சு, ஒண்ணும் சொல்லல. பூ எதுத்த மரத்துலயே கெடைச்சுச்சு, மாங்கா கார்ப்பரேஷன் காய்கறி வண்டில வந்துச்சு, வெல்லம் வீட்ல இருந்துச்சு, ஆக பச்சடி ரசம் வடை பாயசம் எதுவும் கொறையல.

இன்னொரு கவலை சின்னவனுக்கு. அவனுக்கு ஏழாம் மாசம் தொடங்கப்போகுது, சித்திரைல குலதெய்வத்துக்கு முடி எறக்கி காது குத்தணும்னு நேந்துருக்கோம். எங்க பக்கம் ஒத்தைப்படை மாசத்துலதான் செய்வோம், ஏழு, ஒம்போது, பதினொண்ணு. தாய்மாமன் மடில ஒக்கார வச்சுத்தான் செய்யணும். அந்த தாய்மாமன், அதான் எங்க அண்ணன், வேளச்சேரில இருக்கான், மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேணும்.

ஏப்ரல் 22, புதன்

பெரியவளுக்கு அஞ்சு வயசு முடிஞ்சுச்சு. பேக்கரி கெடையாது, எங்க வீட்ல ஓவனும் கெடையாது. மதினி போன்ல சொன்ன மாதிரி க்ரீம் பிஸ்கட் ரெண்டு பாக்கெட்ட மிக்ஸில பொடி பண்ணி, பால் ஊத்திக் கரைச்சு, கடைசியா ஈனோ ஒரு பாக்கெட் போட்டு ஒரே கலக்கு, குக்கர்ல அடில உப்பு பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துட்டு சின்னத் தீயில முக்கா மணி நேரம். கேக்கு நல்லா பொங்கி வந்துச்சு! மேல ஜெம்ஸ் மிட்டாய வச்சு அவளே பேரு எழுதுனா. கரண்ட் போனா ஏத்துற மெழுகுவத்தியத்தான் நட்டோம். அவ வாழ்க்கையிலேயே பெரிய பர்த்டே இதுதானாம், ஏன்னா அவ அப்பா முழுநாளும் வீட்ல இருந்தாரு. போன வருஷம் ஹால்ல அத்தன பேரக் கூப்புட்டு செஞ்சதப் பத்தி அவளுக்கு ஞாபகமே இல்ல.

மே 4, திங்கள்

மீனாட்சி கல்யாணம்.

மதுரைக்காரங்களுக்கு இத வெளக்கத் தேவையில்ல, வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். சித்திரைல மீனாட்சி சொக்கநாதருக்குக் கல்யாணம்னா அது சாமி கல்யாணம் மட்டுமில்ல, ஊர்ல கட்டிக்கிட்ட பொம்பளைங்க அத்தன பேரும் அன்னைக்கு தாலிக்கயிறு மாத்துவோம். பொண்ணத் தாரவாத்துக் குடுக்க பவளக்கனிவாய்ப் பெருமாள் வருவாரு, திருப்பரங்குன்றத்துல இருந்து முருகன் தெய்வானையோட வருவாரு. சேதுபதி ஸ்கூல்ல கல்யாணச் சாப்பாடு நடக்கும், சாப்புட்டுட்டு மொய் எழுதிட்டு வருவோம், சாமி கல்யாணத்துக்கும் மொய் உண்டு எங்க ஊர்ல. மறுநாள் மாசி வீதில தேரு.

இந்த வருஷம் திருவிழாவே ரத்து, கல்யாணத்த மட்டும் நாலு பட்டர்களோட உள்ளேயே நடத்தி நேரலைல காட்டுனாங்க. ஒம்போது மணிக்கெல்லாம் குளிச்சு பட்டுச்சேலை கட்டி போன டிவில கனெக்ட் பண்ணி ஒக்காந்தாச்சு. அம்மா மஞ்சக்கயிற முந்தின நாளே தட்டுல எடுத்து வச்சிருந்துச்சு. நெட்டு நின்னு நின்னு வந்துச்சு, சரியா மங்கலநாண் பூட்டப் போற நேரத்துல சுத்த ஆரம்பிச்சிருச்சு, எனக்கு உயிரே போயிருச்சு, ஆனா பக்கத்து வீட்டு டிவில கெட்டிமேளம் கேட்டுச்சு, அதுக்கடுத்த வீட்டுலயும் கேட்டுச்சு, தெரு முழுக்க ஒரே மேளம். அந்தச் சத்தத்துலதான் கயிறு மாத்துனோம். எனக்கு அம்மா முடிச்சுப் போட்டுச்சு, அம்மாவுக்கு நான் போட்டேன்.

சத்தியமா சொல்றேன், ஆடி வீதில கூட்டத்துல நசுங்கிக்கிட்டு நிக்கையில இப்படி அழுததில்ல நான்.

அம்மா நூத்தியொரு ரூவாய மஞ்சத் துணில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கு. கோயில் தொறந்ததும் மொத வேலையா உண்டியல்ல சேத்துரணுமாம்.

மே 7, வியாழன்

அழகர் வைகை ஆத்துல எறங்க வேண்டிய நாள். நாங்க இருக்குறது செல்லூர், ஆறு நடந்து போற தூரம். வழக்கமா ராத்திரி எங்க வீட்ல எடம் இருக்காது, உசிலம்பட்டி திண்டுக்கல் சொந்தமெல்லாம் வந்து மொட்டமாடில படுத்துக் கெடக்கும், விடிகாலைல எல்லாரும் ஆத்துக்கு. அழகரு என்ன கலர் பட்டு உடுத்தி வர்றாருன்னு பாக்கத்தான் மொதக் கூட்டம், பச்சைன்னா நாடு செழிக்கும்னு சொல்வாய்ங்க. இந்த வருஷம் தவளையாக் கெடந்த மண்டூக முனிவருக்கு சாப விமோசனம் குடுக்குறதக்கூட அழகர்கோயில்லயே வச்சுச் செய்றாங்க, அழகர் மலைய விட்டு எறங்கல.

சர்க்கரைச் சொம்ப மட்டும் விடல. சொம்பு நெறைய நாட்டுச் சர்க்கரை, மேல வாழை எல, அதுல சூடம். மொட்டமாடில ஆறு இருக்க திசையப் பாத்து அம்மா ஏத்துச்சு. பெரியவ தலைல உருமா கட்டி, பிளாஸ்டிக் பீச்சாங்குழலோட எல்லாருக்கும் தண்ணி பீச்சுனா. அப்பா கொஞ்ச நேரம் ஆத்தப் பாத்துக்கிட்டே நின்னுட்டு, "எனக்கு வெவரம் தெரிஞ்சு இந்த நாள்ல நான் ஆத்துக்குப் போகாம இருந்ததில்ல தாயி"ன்னாரு.

மே 25, திங்கள்

ரம்ஜான். பக்கத்து வீட்டு அக்கா சேமியா பாயசம் குடுத்து விட்டாங்க. நோம்பு மாசம் பூரா பள்ளிவாசல்ல கஞ்சி காச்சல, அரிசியா வீடு வீட்டுக்குக் குடுத்துட்டாங்கன்னு அவங்களே காச்சி எங்களுக்கும் தூக்குச்சட்டில வந்துச்சு. இன்னைக்குத் தொழுகைய வீட்டு ஹால்லயே வச்சாங்க. அவங்க வீட்டுச் சின்னப்பையனுக்கு அத்தரு போட்டு புதுச்சட்ட போட்டு விட்டுருந்தாங்க, வாசல்ல நின்னு எங்க எல்லாருக்கும் சலாம் சொன்னான்.

ஜூன் 4, வியாழன்

அப்பாவோட அறுபதாம் கல்யாணம் முடிஞ்சுது. ராத்திரி பதினொன்றரை ஆகுது, கால் வலிக்குது, ஆனாலும் எழுதிட்டுத்தான் படுப்பேன்.

ஒண்ணாந்தேதியில இருந்து மண்டலத்துக்குள்ள பஸ் விட்டாங்க, இ-பாஸ் வேணாம்னாங்க. அதனால திண்டுக்கல் சின்னம்மாவும் சித்தப்பாவும் வந்துட்டாங்க. சென்னையில நெலமை மோசம், அங்க இருந்து வந்தா டெஸ்ட் எடுத்து தனியா இருக்கணும். அண்ணன் அப்ளை பண்ணிப் பாக்குறேன்னான், அப்பாதான் வேணாம்டா, நீ சின்னப்புள்ளைகள வச்சிருக்க, அங்கேயே இருந்து செய்யின்னுட்டாரு.

மொட்டமாடில சின்னதா பந்தல். ஐயரும் ஒரு தொணையாளும் மாஸ்க்கோட வந்தாங்க. கலசம் வச்சு, ஹோமம் வளத்து. அப்புறம் மேளம், இதச் சொல்லணும். வீட்டோட செய்றதுக்கு எதுக்கு மேளம், போன்ல போட்டுக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க, நான் ஒத்துக்கல. ஆரப்பாளையத்துல ஒரு நாயனக்காரர் இருக்காரு, எங்க கல்யாணத்துக்கும் அவருதான். பங்குனில இருந்து ஒரு வாசிப்பு கெடையாதாம், சித்திரை வைகாசி முகூர்த்தந்தான் அவங்களுக்கு வருஷத்துச் சோறு, அது ரெண்டும் போச்சு. நாயனம் ஒண்ணு தவில் ஒண்ணு போதும்ணே, சம்பளம் பழைய மாதிரியேன்னு சொன்னேன். மண்டபம் மிச்சம், பஸ்ஸு மிச்சம், அந்தக் காச எங்க கொண்டு போகப் போறோம்? பூக்கட்டுற அக்காகிட்டயும், சமைக்கிற அண்ணங்கிட்டயும் அதேதான். விசேஷத்தச் சின்னதாக்குங்க, ஆனா வீட்ல காசு இருக்குறவங்க இந்த ஆளுகளக் கூப்புடாம மட்டும் விட்றாதீங்க, கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குறேன். அவரு ஊத ஆரம்பிச்சதும் தெருவே மாடிக்கு வந்துருச்சு. அவங்கவங்க மொட்டமாடில இருந்து அட்சதை போட்டாங்க, எங்க பந்தல் வரைக்கும் வரல, அதனால என்ன.

கலசத் தண்ணி ஊத்துறப்ப மூத்த மகன்தான மொதல்ல ஊத்தணும். ஐயரு, "வேற யாராச்சும் பையன் ஸ்தானத்துல ஊத்தலாம்"னாரு. போன ஸ்டாண்டுல வச்சு அண்ணனோட வீடியோ கால் ஓடிக்கிட்டு இருக்கு, அவன் வேட்டி கட்டி அவன் வீட்டு பால்கனில நிக்கிறான், மதினி பக்கத்துல சொம்போட. அப்பா சொன்னாரு, "அவன் அங்க ஊத்தட்டும், அப்பறம் மத்தவங்க ஊத்துங்க." அண்ணன் அந்தச் சொம்புத் தண்ணிய துளசித் தொட்டில ஊத்துனான், ஐயரு இங்க மந்திரம் சொல்றாரு, கைய ஆட்டி ஆட்டி ஊத்துறான், அழுகுறான். அவன் ஊத்தி முடிச்சப்பறந்தான் நானும் இவரும் அப்பா அம்மா தலைல ஊத்துனோம். அம்மா நனைஞ்ச சேலையோட போனத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் தாலி. அப்பாவுக்குக் கை நடுங்குச்சு. மூணு முடிச்சும் அவரேதான் போட்டாரு. அப்பத்தா மணையில இருந்து எந்திரிக்காம, "நல்லா இறுக்கிப் போடுறா"ன்னுச்சு.

மொய் நோட்டு போட்டோம், அதுல பாதிக்கு மேல ஜிபேதான். ராம்நாடு பெரியம்மா மகன் ஆயிரத்தொண்ணு போட்டுட்டு "சாப்பாடு எங்க?"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டான். பக்கத்துல இருக்கவங்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டி இவரு வண்டில கொண்டு போயிக் குடுத்துட்டு வந்தாரு. எலையில ஒக்காந்து எல்லாரும் ஒரே பந்தில சாப்புடணும்னு அப்பாவுக்கு ரொம்ப ஆசை, அது நடக்கல. எழுபதுல பீமரத சாந்தி வருதுல்லன்னு சின்னம்மா சொல்லுச்சு, எம்பதுக்கு சதாபிஷேகம் இருக்குன்னு அப்பத்தா சொல்லுச்சு.

ஜூன் 23, செவ்வாய்

ராத்திரில இருந்து மதுரைக்கு முழு ஊரடங்கு. சின்னவனுக்கு ஒம்போதாம் மாசமும் கைய விட்டுப் போச்சு. முடி கண்ணுல விழுகுது, நேந்த முடிய வெட்டக்கூடாது, குடுமி போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி விட்டுருக்கேன். அடுத்து பதினொண்ணு, ஆவணி.

இவரு மெதுவாக் கேட்டாரு, வீட்லயே ஆசாரியக் கூப்புட்டு, என் தம்பி மடில வச்சுக் குத்திரலாமான்னு. கொழுந்தன் தங்கமானவர், ஆனா அவரு சித்தப்பா. அப்பாவோட கல்யாணத்த வீட்டுக்குக் கொண்டு வந்தோம், மீனாட்சி கல்யாணத்தையே டிவில பாத்தோம், அதுல எல்லாம் எனக்கு எந்தக் கொறையும் இல்ல. மடிய எப்படிப் போன்ல கொண்டு வர்றது? முடியாதுன்னுட்டேன். பதினொண்ணும் போச்சுன்னா மூணு வயசுல செய்வோம்.

ஆகஸ்ட் 22, சனி

பிள்ளையார் சதுர்த்தி. ரோட்டுல செலை வைக்கக்கூடாது, ஊர்வலம் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. பெரியவ மஞ்சளப் பெசஞ்சு அவளே புடிச்சா, தும்பிக்கை மூணு தடவ விழுந்துச்சு. கொழுக்கட்ட எள்ளு பூரணம், தேங்கா பூரணம் ரெண்டும்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

இ-பாஸ் ரத்து!!! ஒண்ணாந்தேதியில இருந்து மாநிலத்துக்குள்ள எங்க வேணாலும் போலாம், கோயிலும் தொறக்குறாங்க. அண்ணனுக்குப் போன் பண்ணேன், நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே, "ஏத்தா, எந்தத் தேதி, அதச் சொல்லு"ன்னான். செப்டம்பர் 13, ஞாயிறு. பதினொண்ணாம் மாசம் முடியப்போற நேரம், இத விட்டா பொரட்டாசி.

செப்டம்பர் 13, ஞாயிறு

அண்ணன் டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ்னு வந்தப்பறம் கெளம்பி, நேத்து மத்தியானம் கார்ல வந்து எறங்குனான். வாசல்லயே மதினி புள்ளைகள நிறுத்தி கைகால் கழுவ வச்சுத்தான் உள்ள விட்டாங்க. சாயங்காலம் அப்பாவையும் அம்மாவையும் மணையில ஒக்கார வச்சு பாத பூஜை செஞ்சான், வைகாசில விட்டது. அப்பா அவன் தலைல கைய வச்சுட்டு எடுக்கவே இல்ல.

இன்னைக்கு விடியக்காலைல உசிலம்பட்டி பக்கம் இவங்க குலதெய்வத்துக்குக் கெளம்புனோம், ரெண்டே கார். பூசாரி, முடி எறக்குறவர், ஆசாரி, எல்லாருக்கும் மாஸ்க். தாய்மாமன் சீருன்னு அண்ணன் தட்டு தட்டா எறக்குறான், வாழைத்தாரு, கல்கண்டு, சட்டை, வெள்ளி அரணாக்கொடி, தோடு. இவங்க வீட்டு ஆளுகளுக்கே வாயடைச்சுப் போச்சு. நான் சொன்னேன், எதுக்குண்ணே இவ்வளவு, இருக்க நெலமைல, உனக்கே சம்பளம் பாதியாயிருச்சேன்னு. "என் மடி என்னத்துக்கு இருக்கு? பேசாம இரு"ன்னுட்டான்.

பய முடி எறக்கையில சிரிச்சுக்கிட்டு இருந்தான். போன்ல மட்டுமே பாத்த மாமன் மொகத்த கையால தடவித் தடவிப் பாத்தான், மாஸ்க்கப் புடிச்சு இழுத்தான். ஆசாரி கம்பிய எடுத்ததும் கத்துன கத்துல ஆலமரத்துக் காக்கா எல்லாம் பறந்துருச்சு. அண்ணன் கண்ண மூடிக்கிட்டு அவன நெஞ்சோட அமுக்கிப் புடிச்சிருந்தான். ரெண்டு காதும் முடிஞ்சு சந்தனம் பூசுனப்பறமும் எங்கிட்ட வரமாட்டேன்னுட்டான், மாமன் தோள்லயே தூங்கிட்டான்.

கெடா வெட்டி கறிச்சோறு. அப்பா ஆசப்பட்ட மாதிரி எல்லாரும் எலையில ஒக்காந்து, எடம் விட்டு எடம் விட்டு, ஒரே பந்தி. அப்பா ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு.

அண்ணன் நாளன்னைக்குக் கெளம்புறான். தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை வருது, அதுக்கும் வந்துரணும்னு அம்மா சொல்லிருச்சு. ஆபீஸ்ல லீவு கேட்டுட்டுச் சொல்றேன்னுருக்கான். மதினி மட்டும் மெதுவா எங்கிட்ட வந்து, முறுக்கு மாவு நான் அரைச்சுக் கொண்டாந்துர்றேன், நீங்க அதிரசத்துக்கு மட்டும் பாத்துக்கோங்கன்னாங்க.