ராஜ்புத் கப்பலின் பாய்லர்

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜ்புத் என்ற பழைய இந்தியப் போர்க்கப்பலைப் பற்றி எழுத உனக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: நான் பாய்லர் ஆள். அம்மாபேட்டைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் விறகு பாய்லர் பார்க்கிறேன். ஓட்டுவது சதுர சென்டிமீட்டருக்குப் பத்தரை கிலோ பிரஷரில். கப்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் பீரங்கி எத்தனை, டார்பிடோ எத்தனை என்று எண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள். கீழே அடுப்பு எரிவதை எட்டிப் பார்ப்பவர் குறைவு.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அவசரமாகக் கட்டிய நாசகாரிக் கப்பல்களில் 'ஆர்' வகுப்பு ஒன்று. மொத்தம் எட்டு. பின்னால் ராஜ்புத் ஆனது இவற்றில் ஒன்று. ராதர்ஹாம், ரெய்டர், ரிடவுட், ரோபக், ரிலென்ட்லெஸ் என்று எல்லாம் ஆரில் தொடங்கும் பெயர்கள். எட்டும் போரில் மூழ்காமல் தப்பியவை.

உடல் மட்டும் புதிதல்ல, முந்தைய 'ஜே' வகுப்பினுடையது. அந்த ஜே வகுப்பில்தான் மூன்று பாய்லரை இரண்டாகக் குறைத்தார்கள். அதனால் ஒரே புகைபோக்கி போதும். கப்பல் தூரத்தில் சின்னதாகத் தெரியும், விமானத்தைச் சுடும் துப்பாக்கிகளின் வழியை மறைப்பதும் குறையும். இதற்குக் கொடுத்த விலை என்ன? இரண்டு பாய்லர் அறைகளும் அடுத்தடுத்து, நடுவில் ஒரே தடுப்புச் சுவர். அந்த இடத்தில் ஒரு குண்டு விழுந்தால் இரண்டும் போச்சு, கப்பல் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். தெரிந்தேதான் செய்தார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. ஆனால் அந்த இரண்டு பாய்லர்தான் 40,000 குதிரைத்திறன் கொடுத்து, 36 நாட் (மணிக்கு 36 கடல் மைல்) வேகத்தில் ஓட்டியது என்பதும் உண்மை.

ஜே வகுப்பில் ஆறு பீரங்கிகள். ஆரில் நான்குதான், அதுவும் 40 டிகிரிக்கு மேல் நிமிராது, தலைக்கு மேல் வரும் விமானத்துக்கு உதவாது. ஆனால் பீரங்கி குறைந்ததால் வெடிமருந்து அறையில் இடம் மிஞ்சியது. அதில் எண்ணெயை ஏற்றினார்கள். 20 நாட் வேகத்தில் 3,700 கடல் மைல் போனது 4,675 ஆனது. 1944 பிப்ரவரியில் ரிலென்ட்லெஸ், மார்ச்சில் ரோபக், இந்துமாக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு கப்பல்களைத் தேடிப் பிடித்து முடித்தன.

1949-இல் மூன்று கப்பல்கள் நம்மிடம் வந்தன. ராதர்ஹாம் ராஜ்புத் ஆனது, ரிடவுட் ரஞ்சித், ரெய்டர் ராணா. ரஞ்சித்தில் ஸ்டோக்கராக, அதாவது பாய்லர் அடுப்பு பார்ப்பவராக இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். என் பாய்லர் சர்டிபிகேட்டைக் காட்டப் போனபோது அவர் முதலில் கேட்டது, "பத்தரை கிலோவா? எங்களுது இருபத்தொண்ணு தம்பி" என்பதுதான்.

அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது காற்று விஷயம். அந்தக் கப்பல்களில் ஃபேன் வைத்து பாய்லர் அறை முழுக்கவே காற்றை அழுத்தி வைப்பார்கள், எண்ணெய் நன்றாக எரிவதற்கு. உள்ளே போக இரட்டைக் கதவு. முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்கலாம். இரண்டும் ஒருசேரத் திறந்தால் அழுத்தம் விழுந்து, அடுப்புத் தீ முகத்துக்கே வந்துவிடும். ஷிப்டுக்கு உள்ளே போனதும் ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி காது அடைக்குமாம். கப்பல் ஆடும்போது, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் மேலும் கீழும் துள்ளும். "நிசமான மட்டம் எதுன்னு கண்ணு பழகோணும் தம்பி" என்பார். எனக்கு மட்டம் அசையாமல் நிற்கும்போதே சந்தேகம் வரும்.

அப்புறம் 1971. எல்லாருக்கும் தெரிந்த, போரில் மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸியின் கதை. ஆனால் அதுவும் பாய்லரில்தான் ஆரம்பிக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தின் பாய்லரில் தண்ணீர் நிற்கும் உருளையான வாட்டர் டிரம்மில் விரிசல். எங்களிடம் டிரம்மில் விரிசல் என்றால் இன்ஸ்பெக்டர் அன்றைக்கே அடுப்பை அணைக்கச் சொல்லிவிடுவார். கடற்படை வேகத்தைக் குறைத்து ஓட்டியது. மெதுவாகப் போகும் அவ்வளவு பெரிய கப்பல் நீர்மூழ்கிக்கு நல்ல இரை. கிழக்குக் கடற்படைத் தளபதி என். கிருஷ்ணன், நம்ம நாகர்கோவில்காரர், அதை அந்தமானுக்கு அனுப்பி ஒளித்துவிட்டு, வயசான ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு வெளியே நிறுத்தி, விக்ராந்த் பேசுவது போல வயர்லெஸ்ஸில் நிறையப் பேச வைத்தார். விக்ராந்த் மாலுமி ஒருவர் தன் அம்மாவின் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்பது போல ஒரு செய்தி கூட அனுப்பினார்கள். டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, துறைமுகத்துக்குத் திரும்பியிருந்த ராஜ்புத் மறுபடி வெளியே வந்தது. கேப்டன் இந்தர் சிங் சந்தேகப்பட்டு, தண்ணீருக்கடியில் வெடிக்கும் டெப்த் சார்ஜ் குண்டுகளைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் பெரிய வெடிச்சத்தம்.

காஸியை மூழ்கடித்தது ராஜ்புத் என்கிறது இந்தியத் தரப்பு. பாகிஸ்தான் தரப்பு அதன் உள்ளேயே நடந்த விபத்து, அல்லது அதுவே வைத்த கண்ணிவெடி என்கிறது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. முப்பது வயசை நெருங்கிய பாய்லர் அந்த ராத்திரி நீராவி பிடித்துக் கொடுத்தது, எனக்கு அது போதும்.

1976-இல் ராஜ்புத்தை உடைத்துவிட்டார்கள். 1980-இல் அதே பெயரில் சோவியத்தில் கட்டிய கப்பல் வந்து 2021 வரை ஓடியது. அது நீராவி பாய்லர் இல்லாமல் கேஸ் டர்பைனில் ஓடிய கப்பல். அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.