வலஞ்சுழியும் இடஞ்சுழியும்: வீட்டுக்கு இரண்டு சைக்கிள் வந்த கதை

மூட்டுத் தேய்மானத்துக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, எந்த வகை சைக்கிள் என்று கேட்கத் தோன்றவில்லை. அதனால்தான் இரண்டு சைக்கிள்களுக்குப் பணம் கட்ட நேர்ந்தது.

முதலில் வாங்கியது நிமிர்ந்து உட்காரும் அப்ரைட் வகை. ஆள் எதற்கு என்று நானே பூட்டினேன். எல்லா மரையும் வலஞ்சுழியாக இறுகும், இடது பெடல் மட்டும் இடஞ்சுழியாக இறுகும் என்பது தெரியாமல், கையால் இறங்காததை ஸ்பேனர் போட்டு முறுக்கியதில் பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் மரை அரைபட்டு, பெடல் கோணலாக நின்றுவிட்டது. பெடல் தண்டின் முனையில் இடதுக்கு எல், வலதுக்கு ஆர் என்று பொறித்திருக்குமே, பார்க்கவில்லையா என்று விற்றவர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். பொறித்துத்தான் இருந்தது. பூட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, எடுத்தாலும் அட்டைப்பெட்டி வேண்டும் என்றார்கள். அதை அன்று காலையில்தான் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தோம். புதிய கிராங்க் என் செலவில் வந்தது.

அதற்குப் பிறகும் நிம்மதியில்லை. பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும் என்பார்கள். சீட்டுக் கம்பத்தின் ஓட்டைகளோ தள்ளித் தள்ளி இருந்தன. ஒன்றில் கால் அதிகம் மடங்கி முட்டிச் சிப்பியைச் சுற்றி வலித்தது, அடுத்ததில் பெடலை எட்ட இடுப்பு இருபுறமும் ஆடியது. போதாக்குறைக்கு, அந்தக் குறுகிய சீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மரத்துப்போகும்.

சாய்மானம் உள்ள ரிகம்பன்ட் வகையைப் பிசியோதெரபிஸ்ட்தான் சொன்னார். இந்த முறை கூடத்தை டேப் வைத்து அளந்தேன்: ஐந்தடிக்கு மேல் நீளம், பக்கவாட்டில் ஏறி இறங்க இடம், எல்லாம் சரியாக இருந்தது. அளக்காமல் விட்டது மாடிப்படித் திருப்பம். பெட்டி அங்கே திரும்பவில்லை. கொண்டு வந்தவர், வாசல் வரைதான் எங்கள் வேலை என்று இறக்கிவைத்துவிட்டுப் போனார். கீழேயே பிரித்து, மகனும் நானும் ஒவ்வொரு பாகமாக இரண்டு மாடி சுமந்தோம். இடது பெடல் இம்முறை விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

உடம்பின் பாரம் அகலமான சீட்டிலும் முதுகுச் சாய்மானத்திலும் பரவுவதால் இடுப்பும் மணிக்கட்டும் தப்பித்தன. ஆனால் சாய்ந்து உட்கார்ந்தாலே முழங்கால் வலி வராது என்று நம்பிவிடாதீர்கள். முதல் வாரம் சீட்டைப் பெடலுக்கு மிக அருகில் வைத்து மிதித்தபோது பழைய வலியே திரும்பியது. சீட்டு நகரும் தண்டவாளத்தில் அதை இரண்டு படி பின்னுக்குத் தள்ளிய பிறகே அடங்கியது. இப்போது இருபத்தைந்து நிமிடம் மிதிக்கிறேன்.

நான்கடி பத்து அங்குல உயரமுள்ள என் மனைவிக்கோ, சீட்டை முழுவதும் முன்னுக்குத் தள்ளினாலும் பெடலில் விரல் நுனிதான் படுகிறது. அவர் பழைய அப்ரைட்டில் ஏறிக்கொண்டார். எனக்கு ஆகாத அதே ஓட்டை அவருக்குக் கச்சிதமாக இருக்கிறது. சாய்ந்து மிதித்தால் மூச்சே வாங்கவில்லை என்று குறைப்படும் மகனும் அதைத்தான் விரும்புகிறான்.

இரண்டாவது சைக்கிளின் அட்டைப்பெட்டி கட்டிலுக்கடியில் மடித்துக் கிடக்கிறது. எப்போது எடுத்துப் போடப்போகிறீர்கள் என்று வாரம் ஒருமுறை கேள்வி வருகிறது. வாரன்டி முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.